பகுதியில் கை வைத்தேன்

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்பாகக் கூட்டினால் வகுப்பே சிரிக்கும். நான் தப்பாகக் கூட்டவில்லை, தெரிந்தே ஏமாற்றினேன். தென் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் கணிதத் துறையில் வகுப்பு ஆசிரியராகவும் பிறகு துறைத்தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேர்ச்சி விழுக்காட்டை 95க்குக் கீழே இறங்கவிடாதவர் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆண்டு விழா மேடையில் அதற்காகச் சால்வை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள். பக்கத்துத் துறைக்காரர்கள் வந்து ரகசியம் கேட்டார்கள். உழைப்பு என்றேன். பொய்.

உண்மையான வழி எளிது. ஒரு வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத் தேர்வை 40 பேர் எழுதுகிறார்கள். 38 பேர் தேறுகிறார்கள். 38ஐ 40ஆல் வகுத்தால் 95. அதே 38ஐ 60ஆல் வகுத்தால் 63. மேலே உள்ள தொகுதியை உயர்த்துவதற்குப் பாடம் நடத்த வேண்டும், சனிக்கிழமை தனி வகுப்பு வைக்க வேண்டும், புரியாதவனுக்கு மறுபடியும் சொல்ல வேண்டும். கீழே உள்ள பகுதியைக் குறைப்பதற்கு இது எதுவும் வேண்டாம். சில பேர் போய்விட்டால் போதும். நான் பகுதியில் கை வைத்தேன்.

பல்கலைக்கழகம் அனுப்பும் முடிவுத்தாளில் தேர்வெழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்ற இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். மூன்று ஆண்டுக்கு முன்னால் சேர்ந்தவர் எத்தனை என்று அந்தத் தாள் கேட்காது. கல்லூரிக் குழுவும் கேட்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நானாகப் போய்ப் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் கல்லூரியை விட்டு ஒரே நாளில் போவதில்லை. அதற்கென்று காலங்கள் உண்டு. அவை எனக்கு மனப்பாடம். முதலில் பொறியியல் கவுன்சலிங் முடிகிற வாரம். இடம் கிடைத்தவர்கள் சந்தோஷமாக டி.சி. வாங்கிப் போவார்கள். அவர்கள் என் கணக்கில் வரமாட்டார்கள், வாழ்த்தித்தான் அனுப்பினேன்.

அடுத்தது ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் படித்த பிள்ளைகள் இவர்கள். வகையீடு தெரியும், தொகையீடு தெரியும், அணிக்கோவை தெரியும். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் தெரிந்ததே தெரியாததாகிவிடும். பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பெண் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அந்த இடம் காலியாக இருக்கும். நான் ஹாஜர் எடுக்கும்போது அந்தப் பெயரில் ஒரு நொடி நின்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் பெரிய ஊர்களின் ஜவுளிக்கடைகள் கூடுதல் ஆள் எடுக்கும். ஒரு மாதச் சம்பளம் வாங்கி வருகிறேன் என்று போன பையன்களில் பலர் திரும்பமாட்டார்கள். அங்கிருந்தே சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். முதல் பருவத் தேர்வு முடிவு வரும்போது இன்னொரு கூட்டம் கழலும். ஐந்தாறு தாளில் மூன்று நான்கு அரியர் விழுந்தவனுக்கு, இதெல்லாம் எழுதித் தீர்க்கக்கூடியதுதான் என்று அந்த வாரத்தில் சொல்ல ஆள் வேண்டும். சொல்ல வேண்டியவன் நான். இரண்டாம் ஆண்டில் பெண்களுக்குக் கல்யாணம். மூன்றாம் ஆண்டில் ரியல் அனாலிசிஸ். எப்சிலான், டெல்டா என்று ஆரம்பித்ததுமே பயந்துபோய்த் தேர்வுக்கட்டணமே கட்டாமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த காரணங்கள் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் தப்பித்தேன். "சேர்றவன் தானா சேர்றான், தானா போறான். நாமளா கழுத்தைப் புடிச்சுத் தள்ளினோம்?" என்று ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். தள்ளினேன் என்பதுதான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியது.

எங்கள் பல்கலைக்கழக விதிப்படி தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் நிற்பவர், துறைத்தலைவர் பரிந்துரைத்தால், கன்டோனேஷன் கட்டணம் கட்டிவிட்டு எழுதலாம். அந்தக் கையெழுத்துதான் என் ஆயுதம். நன்றாகப் படிப்பவன் 66இல் நின்றால் மருத்துவச் சான்றிதழ் வாங்கிவரச் சொல்லி நானே வழிகாட்டினேன். ஐந்து அரியர் வைத்திருப்பவன் 72இல் நின்றால், "விதின்னு ஒண்ணு இருக்குப்பா" என்றேன். ஒரே விதிக்கு என்னிடம் இரண்டு முகம் இருந்தது. எந்த முகத்தைக் காட்டுவது என்பதை அந்த மாணவன் கடைசிப் பருவத்தில் என் விழுக்காட்டை ஏற்றுவானா இறக்குவானா என்பது முடிவு செய்தது. களையெடுப்பு என்று இதற்கு எனக்குள்ளேயே ஒரு பெயர் வைத்திருந்தேன்.

இரண்டாவது ஆயுதம் அறிவுரை. "உனக்கு இது ஒத்து வராதும்மா, வேற ஏதாச்சும் பாரேன்" என்று கனிவாகச் சொல்வேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளை அதை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும். திட்டியிருந்தால்கூட வீம்புக்கு இருந்து படித்திருப்பார்கள். கனிவாகச் சொன்னதால் போய்விட்டார்கள்.

மூன்றாவது ஆயுதம் மௌனம். இடையில் நின்றவர் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, விட்ட பருவத்திலிருந்து மறுபடியும் சேரலாம். இதற்கான நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும். போகிறவர்களிடம் நான் அதைச் சொன்னதில்லை.

இரண்டு பேரைப் பற்றியாவது சொல்லியாக வேண்டும்.

ஒருவன் இரவில் பரோட்டா கடையில் மாவு பிசைந்தவன். அப்பா இல்லை. கடை மூட நள்ளிரவு தாண்டிவிடும். காலை முதல் மணி வகுப்புக்கு வரமாட்டான், வந்தால் தூங்குவான். அந்த முதல் மணி பெரும்பாலும் என் வகுப்பு. வருகை 71இல் நின்றது. படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "ஒரு கையெழுத்துதானே சார்" என்றான். "நாளைக்கு வா" என்றேன். மறுநாள் வந்தான். கடைசித் தேதி முடிகிற வரை நாளைக்கு வா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சண்டை போடவில்லை. அவனை மேதை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவன் மேதையல்ல, சராசரி மாணவன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதவும், சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் ஒரு பட்டம் வேண்டும், அது முதல் வகுப்பாக இருக்க வேண்டியதில்லை. சராசரியானவனுக்குத்தான் பட்டத்தின் தேவை அதிகம். அந்தக் கதவை நான் சாத்தினேன்.

இன்னொருத்தி இரண்டாம் ஆண்டு முடித்தவள். அவள் அப்பா துறைக்கு வந்தார். "நல்ல இடம் அமைஞ்சிருச்சுங்கய்யா. மாப்பிள்ளை சிங்கப்பூர்ல இருக்கார். படிப்பு போதும்னு சொல்றாங்க" என்றார். மிச்சம் இரண்டு பருவம்தான் இருந்தது. அவள் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாக்கி ரெண்டு செமஸ்டரையும் பெறகு வந்து எழுதலாமா சார்?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் நான் அவரை உட்காரவைத்து, "ஐயா, கல்யாணத்தை நடத்துங்க, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி சேரலாம், எப்படின்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கு, பத்திரமா வச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடும். ஆசிரியர் சொல்லுக்கு அந்த ஊர்ப்பக்கம் இன்னும் மதிப்பு இருக்கிறது. நான், "பாக்கலாம்மா" என்றேன். அவளுக்கு இரண்டு அரியர் இருந்தது. அவளோடு சேர்ந்து அந்த இரண்டு அரியரும் துறையை விட்டுப் போகிறதே என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்படிப் போகிறவர்களுக்கென்று துறையில் ஒரு பதிவேடு உண்டு. பெயர், சேர்ந்த ஆண்டு, நின்ற தேதி, காரணம் என்று நான்கு கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அடுத்த பெயருக்கும் அதுவே. அதற்கடுத்த பெயர்களுக்கு எழுதவும் சோம்பல்பட்டு, மேற்படி என்று கோடு இழுத்தேன். பரோட்டா கடைப் பையனின் பெயருக்கு நேரேயும் மேற்படிதான். அவன் குடும்பம் என்ன செய்தது? அவனை வேலைக்கும் அனுப்பி, கல்லூரிக்கும் அனுப்பியது. அதற்குமேல் ஒரு விதவைத் தாய் என்ன செய்ய முடியும்? போனவர்களில் சிலர் கட்டணப் பாக்கிக்குப் பயந்து பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழைக்கூட வாங்க வரவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று யூஜிசி சொல்லியிருக்கிறது. அலுவலக பீரோவில் அவை கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரையும் கூப்பிட்டு வாங்கிப் போகச் சொல்லவில்லை.

என் கண்ணைத் திறந்தது மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். திறந்தது ஒரு படிவம். கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்த மத்திய அரசு 2015இல் என்ஐஆர்எஃப் என்ற அமைப்பை உருவாக்கியது. முதல் பட்டியல் 2016இல் வந்தது. சில ஆண்டுகள் கழித்து எங்கள் கல்லூரியும் விண்ணப்பித்தது. புள்ளிவிவரம் நிரப்புகிற வேலை, கணக்கு வாத்தியார் என்பதால், என் தலையில் விழுந்தது. அதில் ஓர் அட்டவணை இருந்தது. குறிப்பிட்ட கல்வியாண்டில் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர் எத்தனை பேர். அவர்களில் உரிய காலத்துக்குள் பட்டம் முடித்தவர் எத்தனை பேர். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 80 விழுக்காடு பேர் உரிய காலத்தில் தேறினால் அந்தப் பிரிவுக்கு முழு மதிப்பெண். ஆயுளில் முதன்முறையாக ஒருவர் என்னிடம் சரியான பகுதியைக் கேட்டார். 95 என்று மேடையில் வாங்கிய எண் அந்தக் கட்டத்துக்குள் 60ஐ ஒட்டி வந்து நின்றது.

அப்போது எனக்கு முதலில் வந்த கவலை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது அல்ல. மதிப்பெண் போய்விடுமே என்பதுதான். கல்லூரி முதல்வரும் அதையேதான் சொன்னார்: "அடுத்த வருஷம் எப்படியாச்சும் ஏத்துங்க சார்."

ஏற்றினேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளைக்குப் போன் போட்டேன். கன்டோனேஷன் படிவத்தில் யாருக்கும் தயங்காமல் கையெழுத்திட்டேன். முதலாம் ஆண்டுக்கு இரண்டு வாரம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி நடத்தி, கலைச்சொற்களை எழுதிப் பழக்கினோம். முதல் பருவ முடிவு வந்த அன்றே அரியர் விழுந்தவர்களை உட்காரவைத்து, எந்தத் தாளை எப்போது எழுதலாம் என்று ஆளுக்கொரு அட்டவணை போட்டுக் கொடுத்தோம். இதற்கெல்லாம் கல்லூரி தனியாகக் காசு செலவழிக்கவில்லை. பிள்ளைகள் தங்கினார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் பலர். ஒரு பையன், "சார், நீங்க கூப்புட்டீங்கன்னு அம்மா சொல்லுச்சு, அதான் வந்தேன்" என்றான். அவன் திரும்பி வர அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு உறுத்தத் தொடங்கியது அங்கேதான். செய்தவன் அதே ஆள். அதே துறை, அதே விதிப்புத்தகம், அதே பிள்ளைகள். அவர்கள் போனால் எனக்கு லாபம் என்று இருந்தவரை போகவிட்டேன். அவர்கள் தங்கினால் எனக்கு லாபம் என்று ஆனதும் போன் போட்டேன். போவதைத் தடுக்க என்னால் முடியாது என்று இத்தனை காலம் நம்பியதாகச் சொன்னது சும்மா. முடியும் என்பதை நானே செய்து காட்டிவிட்டேன். அதற்குமுன் போனவர்களுக்கு நான் இனிமேல் என்ன காரணம் சொல்வேன்?

தற்பெருமை வேண்டாம் என்பதற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய கணக்கிலும் திருட வழி இருக்கிறது. பகுதியில் கை வைக்க முடியாதவன் தொகுதியை ஊதிப் பெருக்கலாம். இன்டர்னல் 25 மதிப்பெண் எங்கள் கையில்தான் இருந்தது. எண்ணை எட்டுவதற்காக, ஒன்றுமே எழுதாத தாளுக்கு நான் இருபது போட்டதும் உண்டு. பட்டம் கிடைத்தது, கணக்கு வந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. தக்கவைப்பது என்றால் பெயரை வைத்துக்கொள்வது மட்டும் என்று எடுத்துக்கொண்டால், அது பழைய திருட்டின் மறுபக்கம்.

நம் மாநிலத்துக்கு உயர்கல்வியில் நியாயமான பெருமை உண்டு. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் 18 முதல் 23 வயதினரின் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாடு முழுவதற்கும் 28.4. இது பல தலைமுறைகளின் உழைப்பு. இலவசப் பள்ளிக்கல்வியும், இட ஒதுக்கீடும், உதவித்தொகையும், ஊர்தோறும் கல்லூரியும் சேர்ந்து கட்டியது. மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லும்போது நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் சேர்க்கை விகிதம் வாசலில் எடுக்கிற கணக்கு. சேர்ந்தவர் பட்டத்தோடு வெளியே வந்தாரா என்பதை அது சொல்லாது. கிராமத்திலிருந்து அத்தனை பாடுபட்டு வாசல் வரை வந்த பிள்ளையை உள்ளே இருந்த என்னைப் போன்றவர்கள் நழுவவிட்டிருக்கிறோம்.

அரசு இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது. இவை சேரும்போது கொடுத்துவிட்டுக் கைகழுவும் உதவி அல்ல. படிக்கிற காலம் முழுக்க மாதாமாதம் வருபவை. ஆயிரம் ரூபாய் என்ன பெரிய பணம் என்று நகரத்தில் கேட்பார்கள். பஸ்சுக்கும் தேர்வுக்கட்டணத்துக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம் என்றாகிவிட்ட பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கிற பேச்சுரிமையை அந்தக் கேள்வி அறியாது. என் கையெழுத்து செய்யாததை அந்தப் பணம் செய்தது.

சேர்ந்தவர்களைக் கொண்டே வகுத்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள். மத்திய அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் கல்லூரிகள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள் என்பதை வெளியிட்டாக வேண்டும். நான்காண்டுப் படிப்புக்கு ஆறாண்டு வரை அவகாசம் கொடுத்து எண்ணுகிறார்கள். 2014இல் சேர்ந்த முழுநேர மாணவர்களில், சேர்ந்த இடத்திலேயே ஆறாண்டுக்குள் முடித்தவர்கள் 64 விழுக்காடு. பணக்கார நாட்டிலேயே இவ்வளவுதானா என்று நாம் ஆறுதல் தேடிக்கொள்ளலாம். எனக்கு உறைத்தது வேறு: அந்த எண்ணை அவர்கள் ஊரறிய வைத்திருக்கிறார்கள். வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார். படிப்பை விடுவது மாணவனின் குறை மட்டுமல்ல. கல்லூரியின் படிப்போடும் மனிதர்களோடும் அவனுக்கு ஒட்டுதல் ஏற்பட்டதா என்பதையும் பொறுத்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அச்சில் வந்துவிட்ட விஷயம் இது. படிக்காததற்கு மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவன் இதைப் படிக்கவில்லை.

இன்று எனக்கு மன்னிப்பை வழங்கவோ மறுக்கவோ கூடியவர்கள் யார், எங்கே என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய போன் எண்களை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை எப்படியாவது கண்ணில் பட்டால் அவர்களுக்கு ஒரே ஒரு செய்தி: உங்கள் அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. விட்ட படிப்பைத் தொடர வழி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திலேயே நேரில் கேளுங்கள். துறைத்தலைவர் சொல்வதை மட்டும் நம்பித் திரும்பாதீர்கள்.

இப்போது வகுப்பு ஆசிரியராக இருக்கும் இளையவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கையைத் துறையின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மூன்று ஆண்டும் அது அங்கேயே இருக்கட்டும். எந்தப் பருவத்தின் முடிவு வந்தாலும் அதைக்கொண்டே வகுத்துச் சொல்லுங்கள். போகிறவருக்குக் காரணம் எழுதும்போது அவரையே கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையில் எழுதுங்கள். மறுபடி சேரும் நடைமுறையை ஒரு தாளில் கையில் கொடுத்தனுப்புங்கள். உங்கள் விழுக்காடு பக்கத்துத் துறையைவிடக் குறைவாகத் தெரியும். சால்வை கிடைக்காது. முதல்வர் கூப்பிட்டு ஏன் குறைந்தது என்று கேட்பார். குறையவில்லை, இதுதான் சரியான எண் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் பணியில் இருந்த காலம் முழுக்கச் சொல்லவில்லை.